தந்தி விலாசமும் ஷெல் கட்டளையும்

சென்னை சென்ட்ரலில் ஹவுரா மெயிலுக்கு டிக்கெட் எடுத்தால், நிலையத்தின் பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ.எஸ். என்ற மூன்றெழுத்து இருக்கும். போய்ச் சேரும் இடத்துக்கு எச்.டபிள்யூ.எச். இரண்டாவது ஹவுரா என்பது பார்த்தவுடன் புரியும். முதலாவது மதராஸ். 1996-இல் நகரம் சென்னை ஆனது. 2019-இல் அந்த நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். நாட்டின் மிக நீளமான நிலையப் பெயர்களில் அதுவும் ஒன்று. அந்தப் பெயர் முழுவதையும் இன்றைக்கும் எம்.ஏ.எஸ். என்ற மூன்றெழுத்தே சுமக்கிறது.

திருச்சிராப்பள்ளிக்கு டி.பி.ஜே.; ட்ரிச்சினோபொலி ஜங்ஷன். திருநெல்வேலிக்கு டி.ஈ.என்.; ஆங்கிலேயர் எழுதிய டின்னவெல்லி. பலகையிலிருந்து அந்தப் பெயர்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. குறியீடுகள் மட்டும் அசையாமல் நிற்கின்றன, ஏனென்றால் முன்பதிவு, சரக்கு, கால அட்டவணை என்று அத்தனை ஏடுகளும் அவற்றைத்தான் நம்பியிருக்கின்றன. ஒரு குறியீட்டை மாற்றினால் எல்லா ஏட்டையும் மாற்ற வேண்டும். மும்பையில் 2017-இல் அதைச் செய்தார்கள், சி.எஸ்.டி.எம். என்றிருந்தது சி.எஸ்.எம்.டி. ஆயிற்று.

நீண்ட பெயருக்கு ஒரு குறும்பெயர், அதை விரித்துப் படிக்க எங்கோ ஒரு பட்டியல். இதே ஏற்பாட்டை லினக்ஸ் கணினியில் வேலை செய்கிறவர்கள் தினமும் தங்களுக்காகச் செய்துகொள்கிறார்கள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் அந்த இடத்துக்கு ஷெல் என்று பெயர். அங்கே ஒரு நீண்ட கட்டளைக்கு நாமே வைக்கும் சுருக்குப்பெயர் ஏலியாஸ். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. எம்.ஏ.எஸ். என்றால் எது என்பதை நாடு முழுவதும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஏலியாஸை ஒருவர் தன் கணினியில், தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார். அதன் சுதந்திரமும் ஆபத்தும் அந்த ஓர் இடத்திலிருந்தே வருகின்றன.

இந்தக் கதையை ஹவுராவில் வைத்துச் சொல்ல நல்ல காரணம் உண்டு. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவின் ஷிப்பூரில், 1787-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. பரந்து விரிந்த ஆலமரத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். இந்தியாவில் மின்தந்தியின் முதல் சோதனைகளோடும் அந்தத் தோட்டத்துக்குத் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் புரூக் ஓ'ஷானஸி என்ற மருத்துவர், 1839-இல் மூங்கில்களை நட்டுப் பல மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்து, அதன் வழியே செய்தி போகிறதா என்று பார்த்தார். மின்னதிர்ச்சியை விரலால் உணர்ந்து செய்தியை வாங்கும் முறையைக்கூட அவர் முயன்றார். மேற்கில் மோர்ஸ் தன் புகழ்பெற்ற வாஷிங்டன்–பால்ட்டிமோர் செய்தியை அனுப்பியது 1844-இல்தான்.

கம்பெனி அரசு அப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை. பத்தாண்டுக்கு மேல் கழித்து, 1851-இல், கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்கு முதல் தந்தித் தடம் வந்தது. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியது. கம்பியும் தண்டவாளமும் அதன் பிறகு சேர்ந்தே நாட்டுக்குள் நீண்டன. ஒரு வண்டி கிளம்பியதை அடுத்த நிலையம் வண்டிக்கு முன்னால் அறிந்தாக வேண்டும். அதைச் சொல்ல ஒரே கம்பி. அதில் ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான் போகும். அந்த நெருக்கடியில் சுருக்கமே பிழைப்பு. நிலையங்களுக்கு மட்டுமன்றி வேகன்களுக்கும் பெட்டிகளுக்கும் எஞ்சின்களுக்கும் இப்படி எழுத்துகளைக் கோத்துப் பெயர் வைத்தார்கள். ரயில் பைத்தியம் உள்ள நம் ஊர்ப் பையன்கள் வாப்-7 என்று சொல்லும் எஞ்சினில் முதல் எழுத்து அகலப் பாதை, அடுத்தது மாறுதிசை மின்சாரம், மூன்றாவது பயணிகள் வண்டி. மூன்றெழுத்துக்குள் ஓர் எஞ்சினின் ஜாதகமே அடங்கிவிடுகிறது.

பொதுமக்கள் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். விலாசமும் சொல் கணக்கில் வரும். ஆகவே வணிக நிறுவனங்கள் தந்தி அலுவலகத்தில் பணம் கட்டி, தங்கள் முழுப் பெயருக்கும் தெருவுக்கும் பதிலாக ஒரே ஒரு சொல்லைப் பதிந்துகொண்டன. பழைய கம்பெனிக் கடிதத்தாளின் மூலையில் தொலைபேசி எண்ணோடு 'தந்தி' என்று போட்டு ஒரு சொல் அச்சாகியிருக்குமே, அதுதான் தந்தி விலாசம். ஓர் ஊரில் அந்தச் சொல் ஒருவருக்கே சொந்தம். வேறு ஊரில் அதே சொல் வேறு யாருக்கோ இருக்கலாம். தந்தி வந்து சேர்ந்ததும், பதிவேட்டைப் புரட்டி, முழு விலாசத்தைக் கண்டுபிடித்து, பையனிடம் கொடுத்தனுப்புவார்கள். வாழ்த்துத் தந்தியிலும் இதே நுட்பம்தான். தீபாவளிக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண். கம்பியில் எண் மட்டும் போகும். போய்ச் சேரும் இடத்தில் அது முழு வாசகமாக விரியும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது அந்தப் பட்டியலும் ஓய்ந்தது.

எதைச் சுருக்குவது என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மோர்ஸ் குறியீட்டில் ஆங்கிலத்தின் 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி, 'டி' எழுத்துக்கு ஒரே ஒரு கோடு. அதிகம் வருபவை அவைதாம். மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்ல் ஓர் அச்சுக்கூடத்துக்குப் போய், எந்த எழுத்துக்கு எத்தனை அச்சு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் அதை முடிவு செய்தார் என்று சொல்வார்கள். அடிக்கடி வருவதற்குக் குறைந்த நீளம், அரிதாக வருவதற்கு அதிக நீளம். இந்த உணர்வைக் கணிதமாக்கி, ஒவ்வொரு குறிக்கும் தனித்தனிக் குறியீடு தருகிற முறைகளில் இதைவிடச் சிக்கனமானது இருக்க முடியாது என்று நிறுவிய ஒரு முறையை 1952-இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்டார். எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது தேர்வுக்குப் பதிலாக எழுதிய கட்டுரையில் பிறந்தது அது. நம் கைப்பேசியில் படங்களையும் கோப்புகளையும் சுருக்கும் முறைகள் பலவற்றுக்குள் இன்றும் அது வேலை செய்கிறது.

இனி ஷெல்லுக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யின் நேரப் பகிர்வுக் கணினியில் வேலை செய்த பிரெஞ்சுக்காரர் லூயி பூசான், ஒரே கட்டளை வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டுவதில் சலித்து, அவற்றை ஒரு கோப்பில் எழுதிவைத்து ஒரே சொல்லால் ஓட்டும் நிரலை எழுதினார். ஷெல் என்ற பெயரை வைத்தவரும் அவரே. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தது தந்தியின் நேர் வாரிசு: டெலிடைப் எந்திரம். விநாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் காகிதத்தில் அடிக்கும். விசைகளைப் பலமாக அழுத்த வேண்டும். பட்டியலிட 'எல்எஸ்', நகலெடுக்க 'சிபி', நகர்த்த 'எம்வி', அழிக்க 'ஆர்எம்' என்று யூனிக்ஸின் கட்டளைகள் இரண்டெழுத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹவுராவை எச்.டபிள்யூ.எச். என்று சுருக்கிய அதே நெருக்கடி ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு கம்பியின் முனையில் திரும்பி வந்தது.

ஆனால் அவை எல்லோருக்கும் பொதுவான சுருக்கங்கள். பயனர் தானே பெயர் வைக்கும் வசதி பிறகு வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1970-களின் இறுதியில் எழுதிய சி ஷெல்லில் ஏலியாஸ் இடம்பெற்றது. டேவிட் கார்னின் ஷெல் அதை எடுத்துக்கொண்டது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட பேஷ் வழியாக அது லினக்ஸ் உலகம் முழுவதும் பரவியது.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஷிப்பூரில் அந்தத் தோட்டத்தை ஒட்டியே ஐ.ஐ.ஈ.எஸ்.டி. பொறியியல் நிறுவனம் இருக்கிறது. அதன் அஞ்சல் விலாசத்திலேயே பொட்டானிக் கார்டன் வருகிறது. அங்கே அவள் நிரல் எழுதுகிறாள், மாற்றங்களை கிட் மென்பொருளில் சேமிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாற்றங்களின் வரலாற்றை வரிக்கு ஒன்றாக, கிளைகளை வரைபடமாகக் காட்டு என்று கேட்க 'கிட் லாக்' என்று தொடங்கி ஒன்லைன், கிராஃப், ஆல் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரட்டைக் கோடு போட்டு நீட்டித் தட்ட வேண்டும். அதற்குப் பதிலாக அவள் ஒரே ஒரு முறை இப்படி எழுதுகிறாள்: முதலில் ஏலியாஸ் என்ற சொல், ஓர் இடைவெளி, தனக்குப் பிடித்த பெயர், சமக்குறி, ஒற்றை மேற்கோளுக்குள் அந்த நீண்ட கட்டளை. சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. விட்டால் ஷெல் அவற்றைத் தனித்தனிச் சொற்களாக எடுத்துக்கொண்டு குழம்பும். அந்த வரியை வீட்டு அடைவிலுள்ள பேஷ்ஆர்சி கோப்பில் போட்டுவிட்டால், புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு டெர்மினலுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதில்தான் என் வியப்பு முழுவதும். என்டர் விசையை அழுத்தியவுடன் கட்டளை ஓடிவிடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஷெல் முதலில் படிக்கிறது. வரியைச் சொற்களாகப் பிரிக்கிறது. முதல் சொல்லை எடுத்துத் தன் ஏலியாஸ் பட்டியலில் தேடுகிறது. இருந்தால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு நீண்ட வரியை அங்கே வைக்கிறது. பிறகுதான் மாறிகளின் மதிப்பைப் போடுவது, நட்சத்திரக் குறிக்குப் பொருந்தும் கோப்புகளைக் கண்டுபிடிப்பது, நிரல் வட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுவது எல்லாம். படிப்பதற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள அந்த மிகச் சிறிய இடைவெளியில் நம் சொல் இன்னொரு சொல்லாகிவிடுகிறது. தந்தி அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டியவர் செய்த வேலை அதேதான்.

பலர் 'எல்எஸ்' என்ற பெயருக்கே 'எல்எஸ், வண்ணத்தோடு' என்று ஏலியாஸ் வைத்திருப்பார்கள். விரித்த வரியின் முதல் சொல்லும் 'எல்எஸ்'தானே? ஷெல் அதையும் பட்டியலில் தேடினால் முடிவில்லாமல் விரிந்துகொண்டே போகாதா? போகாது. எந்தப் பெயரை இப்போது விரித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை ஷெல் நினைவில் வைத்திருக்கிறது. அதே பெயர் உள்ளே மறுபடி வந்தால் தொடாமல் விட்டுவிடுகிறது. ஒரு சின்ன விதிதான், ஆனால் அது இல்லையென்றால் முதல் நாளே எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா என்பதும் அற்பமான விஷயமன்று. இன்றைய தேதியைக் கோப்பின் பெயரில் சேர்த்து நகலெடுக்கும் கட்டளைக்குச் சுருக்குப்பெயர் வைக்கிறோம் என்று கொள்வோம். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், டெர்மினலைத் திறந்த அந்த நொடியிலேயே தேதி கணக்கிடப்பட்டு உறைந்துவிடும். டெர்மினலை மூடாமல் மறுநாள் அதே பெயரைத் தட்டினால் நேற்றைய தேதியில் கோப்பு எழுதப்படும். நேற்றைய நகல் அழிந்துபோகவும் கூடும். ஒற்றை மேற்கோளில் எழுதினால் ஒவ்வொரு முறையும் தேதி புதிதாகக் கேட்கப்படும்.

ஏலியாஸ் வெறும் சொல்மாற்று. நாம் கூடுதலாகத் தட்டுவது எல்லாம் விரிந்த வரியின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் நுழைக்க வழியில்லை. கோப்பின் பெயர் கட்டளையின் நடுவில் வர வேண்டுமென்றால் ஷெல்லிலேயே ஃபங்ஷன் எழுத வேண்டும். பேஷின் கையேடும் பெரும்பாலான தேவைகளுக்கு ஃபங்ஷனையே பரிந்துரைக்கிறது. அது சரியான அறிவுரைதான். ஆனால் ஒரே வரியில் முடிகிற காரியத்துக்கு ஏலியாஸின் எளிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிதாகக் கற்பவருக்கு, இந்த எந்திரத்திடம் நானும் பெயர் வைக்கலாம் என்ற நம்பிக்கையை முதலில் தருவது அதுதான்.

எதற்குப் பெயர் வைக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் வெய்ல் செய்ததையே செய்யலாம். ஷெல் நாம் அண்மையில் தட்டியவற்றை நினைவில் வைத்திருக்கிறது. 'ஹிஸ்டரி' என்று கேட்டால் கொட்டும். அதில் முன்னால் வரும் வரிசை எண்களை நீக்கி, அகரவரிசைப்படுத்தி, ஒரே மாதிரி வரிகளை எண்ணி, அதிகம் வந்ததை மேலே வைத்தால் போதும். உண்மையில் எது நம் நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். அது பெரும்பாலும் நாம் நினைத்த கட்டளையாக இருக்காது.

பெயர்கள் மிகவும் நெருக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தந்தி உலகம் விலை கொடுத்திருக்கிறது. 1887-இல் ஃபிலடெல்பியாவின் கம்பளி வியாபாரி ஃபிராங்க் பிரிம்ரோஸ், வாங்கியாகிவிட்டது என்ற பொருளில் 'பே' என்ற குறிச்சொல்லை அனுப்பினார். வழியில் ஓரெழுத்து மாறி 'பை' ஆயிற்று. வாங்கு என்று பொருள்பட்டது. முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார். இழப்பு 20,000 டாலருக்கு மேல். 1894-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தந்தி நிறுவனம் தந்திக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றது. ஷெல்லிலும் விரல்கள் தடுமாறும். 'எல்எஸ்' என்பதை 'எஸ்எல்' என்று தட்டுவது உலகெங்கும் நடப்பது. அதற்காகவே ஜப்பானின் தொயோதா மசாஷி 1993-இல் ஒரு நிரல் எழுதினார். அதை நிறுவியிருந்தால், தவறாகத் தட்டியவுடன் எழுத்துகளால் ஆன ஒரு நீராவி எஞ்சின் திரையின் குறுக்கே புகைவிட்டபடி ஓடும். அங்கே இழப்பு சில நொடிகள். ஓரெழுத்து வித்தியாசத்தில் ஒன்று காட்டவும் மற்றொன்று அழிக்கவும் செய்தால் இழப்பு அப்படி இருக்காது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, இருக்கும் பெயருக்கு வேறு பொருள் கொடுக்கும் பழக்கம். அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' ஒவ்வொரு கோப்புக்கும் 'அழிக்கட்டுமா?' என்று கேட்கும்படி ஏலியாஸ் வைப்பது நல்ல நோக்கம்தான். ரெட் ஹாட் லினக்ஸில் நிர்வாகியின் கணக்குக்கு அதை முன்கூட்டியே வைத்துக்கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பழகிய கை, அந்த ஏலியாஸ் இல்லாத வேறொரு கணினியில் அதே இரண்டெழுத்தைத் தட்டும்போது யாரும் கேட்க மாட்டார்கள். கோப்பு போய்விடும். எம்.ஏ.எஸ். எந்தக் கவுன்ட்டரிலும் அதே நிலையம்தான். தந்தி விலாசம் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் அனுப்புகிறவர் ஊரின் பெயரையும் சேர்த்தே எழுதினார். ஏலியாஸுக்கு அந்த ஊர்ப் பெயர் கிடையாது. ஆகவே பாதுகாப்பான அழித்தலுக்குப் புதுப்பெயர் வையுங்கள். பழைய பெயரைத் தொடாதீர்கள். தெரியாத கணினியில் அந்தப் புதுப்பெயரைத் தட்டினால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற பதில்தான் வரும், எதுவும் அழியாது.

ஷெல்லை வடிவமைத்தவர்களுக்கும் இந்த எல்லை தெரிந்திருந்தது. கோப்பாக எழுதி ஓட்டும் ஸ்கிரிப்டுகளில் பேஷ் சாதாரணமாக ஏலியாஸை விரிப்பதில்லை. என் சுருக்கங்கள் என் விரல்களுக்கு மட்டும். மற்றவர் கணினியிலும் ஓட வேண்டியதில் முழுச் சொற்களையே எழுத வேண்டும். ஒரு பெயர் உண்மையில் எது என்று சந்தேகம் வந்தால் 'டைப்' என்று முன்னால் சேர்த்துக் கேட்கலாம். ஏலியாஸா, ஃபங்ஷனா, வட்டிலுள்ள நிரலா என்று ஷெல் சொல்லிவிடும். ஏலியாஸைத் தாண்டி அசலையே ஓட்டப் பெயருக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் போதும். பேஷ்ஆர்சி கோப்பில் எழுத முடிந்த தீய நிரல் ஒன்று, நிர்வாகிக் கட்டளையின் பெயரிலேயே ஏலியாஸ் வைத்துக் கடவுச்சொல்லைப் பிடுங்கிக்கொள்ள முடியும் என்பதால், அந்தக் கோப்பை அவ்வப்போது திறந்து படிப்பதும் நல்லது.

அந்த மாணவிக்கு ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பேஷில் ஏலியாஸின் பெயருக்குள் சாய்கோடு, டாலர் குறி, சமக்குறி, மேற்கோள், இடைவெளி போன்ற சில வரக்கூடாது. மற்ற எழுத்துகளுக்குத் தடையில்லை. யூனிகோட் அமைப்புள்ள கணினியில் 'வரலாறு' என்று தட்டினால் கிட்டின் வரைபடம் வரும். 'பட்டியல்' என்று தட்டினால் கோப்புகள் வரிசையாக வரும். வங்காள மொழியில் வைத்தாலும் அப்படியே. மாறிகளின் பெயர்களுக்கு இந்தச் சலுகை இல்லை; அவை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் அடிக்கோட்டிலும்தான் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஷெல் ஒப்பிடுவது பைட்டுகளை என்பதால் அதற்கு அவை வெவ்வேறு பெயர்கள். 'தொகு' என்று ஏலியாஸ் வைத்துவிட்டு, வேறொரு விசைப்பலகை மென்பொருளில் அதையே தட்டி, கட்டளை இல்லை என்று பதில் வந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். பெயர் வைத்த அதே விசைப்பலகையில் தட்டினால் ஓடும்.